அம்புக்குறிக்கு இரண்டு முனை வேண்டும்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுகிறவர்களுக்கும் அவற்றுக்குப் படம் வரைகிறவர்களுக்கும்,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் வகுப்பில் நடத்தி வருகிறேன். உங்கள் நூல் இல்லாவிட்டால் எனக்குப் பாதி வேலை ஓடாது. அதனால் இதைச் சண்டைக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

'தாவரத்தின் பாகங்கள்' பாடத்தில் வரும் அந்தப் படம் உங்களுக்கே தெரியும். மேலே சூரியன், இலை, பூ, பூவின்மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழுப்பு நிறம். அதற்குள் வெள்ளையாக வேர். பழுப்பிலிருந்து வேரை நோக்கி நான்கைந்து நீல அம்புக்குறிகள், பக்கத்தில் 'நீர், கனிம உப்புகள்' என்ற குறிப்பு. அவ்வளவுதான். மேலே வண்ணத்துப்பூச்சிக்கு இடம் கொடுத்த ஓவியருக்குக் கீழே ஒரு மண்புழுவுக்குக்கூட மனம் வரவில்லை.

அந்த அம்புகள் பொய்யில்லை, பாதி உண்மை. வேரிலிருந்து மண்ணுக்குப் போகும் அம்பு ஒன்றுகூட அங்கே இல்லை. இந்தப் பாதிப் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மண் ஒரு பாத்திரம், வேர் ஒரு உறிஞ்சுகுழல். 'மண்ணின் பயன் யாது?' என்று கேட்டால் 'செடியைத் தாங்கிப் பிடிக்கிறது, நீரும் சத்தும் தருகிறது' என்று எழுதுகிறார்கள். நானும் இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டுகிறேன். செடி மண்ணுக்கு என்ன செய்கிறது என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அடுத்த சில பக்கங்களில் வான் ஹெல்மான்ட் வருவார். அவருடைய சோதனை 1648ல் அச்சில் வந்தது. உலையில் காயவைத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே விட்டார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தபோது ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. மரமெல்லாம் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். 'இல்லை, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தது' என்று நீங்கள் திருத்துகிறீர்கள். சரிதான். ஆனால் மண்ணின் பங்கு வெறும் 2 அவுன்ஸ் என்ற எண்ணமும் பிள்ளைகள் மனதில் அதோடு குடியேறிவிடுகிறது. அந்த 2 அவுன்ஸ் எந்த வழியாக மரத்துக்குள் போனது என்பதுதான் இந்த மடலின் பாதி.

மணிச்சத்தையே (பாஸ்பரஸ்) எடுத்துக்கொள்வோம். இரும்பு, அலுமினியம், கால்சியம் இவற்றோடு ஒட்டிக்கொண்டு மண்ணில் அசையாமல் கிடக்கும் சத்து அது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை எடுத்து முடித்ததும் அந்த வட்டம் காலியாகிவிடும். தூரத்தில் இருப்பது நடந்து வராது. புதிதாக வேர் விடலாம், ஆனால் அது செலவு. வேரைவிடப் பல மடங்கு மெல்லிய பூஞ்சை இழைகள் அங்கே உதவிக்கு வருகின்றன. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காலியான வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் ஓடி, மண் துகள்களின் இடுக்கில் நுழைந்து மணிச்சத்தை எடுத்து வருகின்றன. அவற்றின் மறுமுனை வேரின் செல்லுக்குள்ளேயே போய்க் குட்டி மரம்போலக் கிளைக்கிறது. கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான். கைமாறாகச் செடி சர்க்கரை தருகிறது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் இந்தப் பூஞ்சைகளுக்கு இல்லை, அதையும் செடியே தருகிறது என்பது 2017ல்தான் உறுதியானது. தன் ஒளிச்சேர்க்கை வருமானத்தில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை செடி இதற்குச் செலவிடுவதாக அளந்திருக்கிறார்கள். உங்கள் படத்தில் விடுபட்ட முதல் அம்பு இது.

இந்த உறவுக்கு 1885ல் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். ட்ரஃபிள் காளானைப் பயிரிட வழி உண்டா பார் என்று அரசு ஏவியதில், மர வேரைத் தோண்டப்போன இடத்தில் கண்டது. உறவு அதைவிட எவ்வளவோ பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில், இன்னும் சரியான வேரே முளைக்காத ஆதிச் செடிகளின் தண்டுக்குள் இதே குட்டி மர வடிவம் இருக்கிறது. வேர் வருவதற்கு முன்பே பூஞ்சை வந்துவிட்டது. நீங்களோ வேரைப் பற்றி ஒரு முழுப் பாடம் எழுதிவிட்டு, மைக்கோரைசாவைக் 'கூடுதல் தகவல்' பெட்டிக்குள் மூன்று வரியில் அடைத்திருக்கிறீர்கள்.

செடி இந்தப் பூஞ்சையைக் கூப்பிடும் விதத்தையும் சேர்த்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மணிச்சத்து குறைந்தால் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். அது பட்டதும் பக்கத்திலிருக்கும் பூஞ்சை இழை தாறுமாறாகக் கிளைவிட்டு வேரைத் தேடி வரும். இதைக் கண்டது 2005ல். ஆனால் அந்தப் பொருளை அறிவியல் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே அறியும், வேறொரு வில்லத்தனத்துக்காக. சோளத்தின் வேரில் ஒட்டி அதை உறிஞ்சி வாழும் சுடுமல்லியின் விதை, மண்ணில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்து, இந்தக் கசிவு பட்டதும் முளைக்கிறது. நண்பனைக் கூப்பிட்ட குரல் திருடன் காதிலும் விழுகிறது. அப்படியும் செடி கூப்பிடுவதை நிறுத்தவில்லை என்றால் பூஞ்சையின் தேவை எவ்வளவு என்று பாருங்கள். மணிச்சத்தைத் தாராளமாகக் கொட்டினால் செடி குரலைத் தாழ்த்திவிடும், வேருக்குள் பூஞ்சையும் குறையும். உள்ளே வருவதைப் பொறுத்து வெளியே போவது மாறுகிறது, வெளியே போவதைப் பொறுத்து உள்ளே வருவது. ஒருமுனை அம்பால் இதைக் காட்ட முடியாது.

(கடுகு, முட்டைக்கோசுக் குடும்பம் இந்தக் கூட்டில் பெரும்பாலும் சேராது. 'எல்லாச் செடிகளும்' என்று எழுதிவிடாதீர்கள்.)

வேர்முடிச்சைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான். 'ரைசோபியம் பாக்டீரியா பயறுவகைத் தாவரங்களின் வேர்முடிச்சில் கூட்டுயிரியாக வாழ்ந்து நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது.' மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதில் ஒருவர்கூட ஒரு முடிச்சைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். நான் செய்வது இது: பூக்கத் தொடங்கிய பயறுச் செடி ஒன்றை, பிடுங்காமல், சுற்றி மண்ணோடு தோண்டி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போடுவேன். அரைமணி நேரத்தில் மண் தானாகக் கழன்றுவிடும். வேரில் மிளகு மிளகாக ஒட்டியிருக்கும் உருண்டைகளில் ஒன்றைப் பிய்த்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகக் கிள்ளச் சொல்வேன். உள்ளே இரத்தச் சிவப்பு. 'ஐயோ டீச்சர், செடிக்கு ரத்தமா?' என்று ஒரு குரல் எழாமல் ஒரு வகுப்பும் போனதில்லை. கேள்வி வேடிக்கையானதும் இல்லை. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா உயிர் வாழவோ ஆக்சிஜன் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஆக்சிஜனை அளந்து அளந்து ஊட்டுவதற்காகச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. கிள்ளியதில் உள்ளே பச்சையாக இருந்தால் முடிச்சு கிழடு தட்டிவிட்டது. வெளுப்பாக இருந்தால் வேலை நடக்கவில்லை.

வேலை செய்யாத பாக்டீரியாவைச் செடி என்ன செய்யும்? 2003ல் வெளியான சோதனை ஒன்று இதைத்தான் கேட்டது. சோயாச் செடியின் சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். உள்ளே இருந்த பாக்டீரியாவுக்குப் பிடிப்பதற்கு நைட்ரஜனே இல்லை, சும்மா இருந்தாக வேண்டிய நிலை. அந்த முடிச்சுகளுக்கு ஆக்சிஜன் குறைந்தது, பாக்டீரியாப் பெருக்கமும் குறைந்தது. 'கூட்டுயிரி' என்ற சொல் பிள்ளைகள் காதில் ஏதோ தோள்மேல் கைபோட்ட சிநேகம்போல விழுகிறது. உள்ளே நடப்பது கறாரான கணக்கு.

இனி உங்கள் நூலில் ஒரு வரிகூட இல்லாத பக்கத்துக்கு வருகிறேன். செடி மண்ணை எப்போதும் தனக்கு ஏற்றபடியே மாற்றுவதில்லை. தனக்கே ஆகாதபடியும் மாற்றிக்கொள்ளும்.

ஒரே செடி ஒரே இடத்தில் நீண்டகாலம் நின்றால், அதன் வேரைத் தின்னப் பழகிய பூஞ்சைகளும் நூற்புழுக்களும் அந்த மண்ணில் கூட்டம் சேர்கின்றன. அமெரிக்கக் காடுகளில் கருஞ்செர்ரி மரத்தின் அடியில் விழும் விதைகள் முளைக்கின்றன, ஆனால் கன்றுகள் மடிகின்றன. தள்ளிப்போய் விழுந்தவை பிழைக்கின்றன. தாய் மரத்தின் நிழல்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். மண்ணை எடுத்துக் கிருமி நீக்கிப் பார்த்தபோது கன்றுகள் பிழைத்துக்கொண்டன. பித்தியம் என்ற வேரழுகல் உயிரியின் வேலை அது. 2000ல் வெளியான ஆய்வு. கடலோர மணல்மேடுகளில் மணலைப் பிடித்து நிறுத்தும் அம்மோஃபிலா புல்லுக்கும் இதே கதை. புது மணல் வந்து மூடிக்கொண்டே இருந்தால் செழிக்கும், மணல் வரவு நின்றதும் நலியும். நெதர்லாந்தில் அதன் மண்ணைச் சோதித்தார்கள். அந்தப் புல்லைத் தாக்கும் உயிர்கள் அங்கே சேர்ந்திருந்தன. அதற்கு அடுத்து வந்து இடம் பிடிக்கும் செடிகளை அதே மண் அவ்வளவாகப் படுத்தவில்லை.

இதையெல்லாம் இன்று 'தாவர–மண் பின்னூட்டம்' என்ற பெயரில் சேர்த்துப் பார்க்கிறார்கள். கனடாவின் ஒரு பழைய வயல்வெளியில் செய்த ஆய்வு 2002ல் வந்தது. அரிதாகத் தென்படும் செடிகள் தாங்கள் வளர்ந்த மண்ணிலேயே மறுபடி நட்டால் நலிந்தன. எங்கும் பரவி ஆக்கிரமிக்கும் செடிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, சிலவற்றுக்கு நன்மையே நடந்தது. காட்டில் ஒரே மரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் ஏன் நூறு வகை நிற்கின்றன என்ற கேள்விக்கு, விடையில் ஒரு பங்கு நாம் மிதித்து நடக்கும் இடத்தில் இருக்கிறது. உங்கள் நூலிலோ பல்லுயிர்ப் பெருக்கம் ஒரு பாடம், மண் வேறொரு பாடம். இரண்டுக்கும் நடுவில் மூன்று பாடங்கள்.

பயிர்ச் சுழற்சியைப் பற்றிய உங்கள் பத்தியும் இங்கேதான் நொண்டுகிறது. 'ஒரே பயிரைத் தொடர்ந்து பயிரிட்டால் மண்ணிலுள்ள சத்து தீர்ந்துவிடும்' என்கிறீர்கள். சத்து மட்டும்தான் சிக்கல் என்றால் உரம் போட்டு முடித்துக்கொள்ளலாமே. ஆப்பிள் மரத்தை வெட்டிய குழியில் மறுபடி ஆப்பிள் நட்டால், எவ்வளவு உரமிட்டாலும் கன்று திணறுகிறது. மண்ணின் பழைய நினைவு அது. ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோதுமையை விடாமல் பயிரிட்டால் வேரை அழுகவைக்கும் ஒரு பூஞ்சை நோய் முதல் சில ஆண்டுகள் ஏறுகிறது. அதற்குப் பிறகும் பிடிவாதமாகக் கோதுமையே போட்டால் நோய் தானாக இறங்குகிறது. அந்தப் பூஞ்சைக்கு ஆகாத பொருளைச் சுரக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் அதற்குள் வேரைச் சுற்றிப் பெருகிவிடுகின்றன. செடி கெடுத்த மண்ணை, அந்தச் செடியின் வேரை நம்பி வந்த வேறொரு கூட்டம் சரிசெய்கிறது. இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பீர்கள் என்று கேட்காதீர்கள். சேர்த்துவிடுங்கள்.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேர் தான் எடுக்கும் தழைச்சத்தின் (நைட்ரஜன்) வடிவத்தைப் பொறுத்துத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் அமிலத்தன்மையையே மாற்றும். அமோனியமாக எடுத்தால் புளிப்பேறும், நைட்ரேட்டாக எடுத்தால் குறையும். பக்கத்து மண்ணுக்கும் வேர் ஒட்டிய மண்ணுக்கும் பி.எச். அளவில் இரண்டு அலகு வரைகூட வித்தியாசம் வரலாம். தயாரித்த கரிமத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைச் செடி வேர்வழியே கசியவிடுகிறது. அதைத் தின்று பாக்டீரியா பெருகி, தழைச்சத்தைத் தன் உடம்பில் பூட்டிக்கொள்கிறது. அந்த பாக்டீரியாவைப் புரோட்டோசோவா மேய்ந்து, தனக்கு மிஞ்சிய தழைச்சத்தைக் கழிவாக வெளியேற்ற, அது வேருக்கே திரும்புகிறது. வேரை ஒட்டி இதெல்லாம் நடக்கும் மெல்லிய மண் வளையத்துக்கு 1904லேயே லோரென்ஸ் ஹில்ட்னர் 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டுவிட்டார். வேர்மண்டலம் என்று தமிழில் சொல்கிறோம். பெயர் வந்து நூறாண்டு கடந்தும் ஒன்பதாம் வகுப்புக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மக்காச்சோளத்தின் கதைக்கு மட்டும் ஒரு நிமிடம் தாருங்கள். அதன் வேரை வண்டின் புழு கடித்தால், வேரிலிருந்து கேரியோஃபிலின் என்ற மணம் மண்ணுக்குள் பரவும். பூச்சிப் புழுக்களைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்கள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். 2005ல் கண்டது. அதிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. வட அமெரிக்காவில் பயிரிடப்பட்ட ரகங்கள் பலவற்றில் இந்த மணம் எழவே இல்லை. ரகம் தேர்ந்தெடுத்தவர்கள் மண்ணுக்கு மேலே நின்ற கதிரைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். கீழே செடியின் குரல் போனதை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் ஓவியரைக் குறை சொல்லி என்ன பயன், வல்லுநர்களே கோட்டுக்கு மேலேதான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. திருத்துகிறேன் பேர்வழி என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். 'மரங்கள் பூஞ்சை வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் தன் குழந்தைக்குச் சோறூட்டுகிறது' என்று புதிய நூல்களில் வண்ணப் பெட்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. மரங்களுக்கிடையே கரிமம் நகர்வதைக் காட்டிய 1997 ஆய்வு முக்கியமானதுதான். ஆனால் காட்டில் அந்த வலை எவ்வளவு பரவியிருக்கிறது, கன்றுகளுக்கு அதனால் உண்மையில் என்ன லாபம் என்பதற்கெல்லாம் சான்று போதவில்லை என்று இத்துறையில் ஊறியவர்களே 2023ல் எழுதினார்கள். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அச்சேற்றினால், ஐந்தாண்டு கழித்து வகுப்பில் நின்று திருத்த வேண்டியவள் நான்.

கடைசியாக, செய்முறை. இப்போது இருப்பது கண்ணாடிக் குடுவையில் மண்ணைக் கலக்கி மணல், வண்டல், களி என்று படியவிடுவது. அது இருக்கட்டும். கூடவே இன்னொன்று வையுங்கள். அதில் நான் மூக்குடைபட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க. முதல் ஆண்டு, பாதி மண்ணைப் பிரஷர் குக்கரில் வேகவைத்து, மீதியை அப்படியே விட்டு, இரண்டிலும் விதை போட்டோம். உயிருள்ள மண்ணில் செடி கொழிக்கும் என்று முன்கூட்டியே சொற்பொழிவும் ஆற்றியிருந்தேன். மூன்று வாரத்தில் வேகவைத்த மண்ணில்தான் செடி தளதளவென்று நின்றது. வகுப்பே சிரித்தது. வேகவைத்ததில் செத்த நுண்ணுயிர்களின் உடம்பிலிருந்த சத்தெல்லாம் ஒரே மூச்சில் வெளிவந்திருக்கிறது, வேரைத் தாக்கும் கிருமிகளும் ஒழிந்திருக்கின்றன. வெந்த மண்ணும் வேகாத மண்ணும் உயிரில் மட்டுமா வேறுபடுகின்றன, வேதியியலிலும்தானே?

அதனால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வெந்த மண். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உயிருள்ள மண்ணைக் கலக்க வேண்டும். சில தொட்டிகளில், விதைக்கப்போகும் அதே செடி வெகுநாள் நின்ற இடத்து மண். சிலவற்றில் வேறு குடும்பத்துச் செடி நின்ற இடத்து மண். சிலவற்றில், கலக்கும் பங்கும் வெந்ததாகவே இருக்கட்டும். ஒவ்வொரு வகைக்கும் ஆறு தொட்டியாவது வேண்டும், ஒன்றிரண்டு செத்துப்போகும். ஆறு வாரம் கழித்து வெட்டிக் காயவைத்து எடை பார்க்கட்டும். வேரையும் கழுவிப் பார்க்கட்டும்.

செய்முறைக்குக் கீழே 'எதிர்பார்க்கப்படும் முடிவு' என்று ஒரு வரி அச்சிடுவது உங்கள் வழக்கம். இதற்கு மட்டும் அந்த வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள். எந்தச் செடி, யாருடைய மண் என்பதைப் பொறுத்து விடை மாறும். என் வகுப்பிலேயே இரண்டு ஆண்டும் ஒரே விடை வந்ததில்லை. அச்சிட்டுவிட்டால் பிள்ளைகள் தொட்டியைப் பார்க்காமல் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

படத்தைப் பொறுத்தவரை, அடுத்த பதிப்புவரை நான் காத்திருக்கப்போவதில்லை. வகுப்பில் ஆளுக்கொரு சிவப்புப் பேனா கொடுத்து, வேரிலிருந்து வெளியே போகும் அம்புகளைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஆண்டு இறுதியில் நூல்களைத் திரும்ப வாங்கும்போது அந்தப் பக்கம் கிறுக்கலாக இருந்தால், அது என் பொறுப்பு.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை